வேலைக்குப் போகும் காது

துளசிக்கு இடது காது கேட்காது. ஏழு வயதில் பொன்னுக்குவீங்கி வந்து இரண்டு கன்னமும் பந்தாக வீங்கின. ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. அதோடு சேர்ந்து இடது காதும் அணைந்துபோயிற்று. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தோடு போட்டுக்கொண்டு, அழகாக, சும்மா இருக்கும். வலது காதைத் துளசி மனதுக்குள் ‘வேலைக்குப் போகும் காது’ என்பாள். இடது, வீட்டோடு இருக்கும் காது.

ஒரு காதை மட்டும் வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்குச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடாது. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டுக்குள் ஒரு பறவை கூவினால் மற்றவர்கள் சட்டென்று அந்த மரத்தைப் பார்ப்பார்கள். துளசிக்கு அந்தக் கூவல் எந்த மரத்திலும் இருக்காது. பனியில் இருக்கும், வாய்க்கால் தண்ணீரில் இருக்கும், அந்தக் காலைநேரம் முழுவதிலும் கரைந்து இருக்கும். அப்பாவின் லோரி தோட்டத்து மண்சாலையில் வரும்போது, அது வருகிறதா போகிறதா என்று தெரியாமல், உலகமே மெல்ல உறுமுவதுபோலக் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். மழைக்கால மத்தியானங்களில் வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொள்வாள். தலையைக் கொஞ்சம் தூக்கினால் மழை. இறக்கினால் மழை இல்லை. தூக்கினால் மழை. அப்படியே தூங்கிப்போவாள்.

பள்ளியில் இது தோழி நட்டாலியைத் தவிர யாருக்கும் தெரியாது. வகுப்பில் எப்போதும் இடது ஓரத்துச் சன்னல் பக்கம் உட்காருவாள். காற்று வேண்டும் என்பாள். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டுத் திரும்பாமல் போனால் கர்வக்காரி என்று பேர் கிடைக்கும். செவிடி என்ற பேருக்கு அது எவ்வளவோ மேல் என்று விட்டுவிட்டாள்.

அம்மா லெட்சுமிக்குக் கோலா சிலாங்கூர் டவுனில் வேலை. குருவிக்கூடு சுத்தம் செய்யும் இடம். வாலிட் குருவி எச்சிலால் கட்டும் கூட்டைச் சீனர்கள் சூப் வைத்துக் குடிப்பார்கள். நல்ல விலை போகும். ஆனால் கூட்டில் ஒட்டியிருக்கும் இறகுத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒன்பது பெண்கள் வெள்ளை விளக்குக்குக் கீழே குனிந்து, கையில் இடுக்கியோடு, தண்ணீரில் ஊறிய கூட்டிலிருந்து மயிரிழை இறகுகளைப் பொறுக்கிக்கொண்டே இருப்பார்கள். பள்ளி விட்டதும் துளசி அங்கே போவாள். அம்மாவின் வேலை முடியும்வரை பின்பக்கப் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வாள்.

வீட்டுப்பாடம் என்பது பேருக்குத்தான். அந்தத் தெருவில் சன்னலே இல்லாத உயரமான கட்டடங்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் குருவிகளுக்காகக் கட்டியவை. குருவிகளை வரவழைக்க, பதிவு செய்த குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை போட்டுக்கொண்டே இருப்பார்கள். தெருவில் இருப்பவர்களுக்கு அது காதில் விழுவதே நின்றுவிட்டது. துளசிக்கு நிற்கவில்லை. மூலைக் கட்டடத்தின் பதிவு கொஞ்சம் நீளம், எதிர்க் கட்டடத்தின் பதிவு கொஞ்சம் குட்டை. இரண்டும் சேர்ந்து ஓடும், பிறகு ஒன்றை ஒன்று விட்டு விலகும், துரத்தும், முந்தும், கடைசியில் ஒரு கணம் இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும். அந்தக் கணத்துக்காகப் பேனாவைக் கையில் பிடித்தபடி முக்கால் மணி நேரம் காத்திருப்பாள். அது வந்ததும் உடம்பு லேசாகிவிடும். அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்கவும் தோன்றவில்லை.

அவளுக்குப் பதினைந்து வயதான வருடம், மூன்றாம் படிவத்தின் கடைசி மாதத்தில் விண்ணப்பப் பாரம் கொடுத்தார்கள். அடுத்த இரண்டு வருடத்துக்கும் எந்தப் பாடங்களை எடுப்பது என்று எழுத வேண்டும். அறிவியல், கணக்கியல், வாணிபம் எல்லாம் வழக்கம்போல இருந்தன. ஆனால் அந்த வருடம் பட்டியலின் அடியில் புதிதாக ஒரு வரி இருந்தது: இசை. ஆண்டின் நடுவில் மாற்றலாகி வந்த திவாகரன் சார் அதற்குப் படித்தவராம்.

“ஏதாவது வாசிக்கத் தெரிஞ்சவங்க நேரா எழுதலாம்,” என்றார் அவர். “ஒண்ணும் தெரியாதவங்களும் எழுதலாம். ஆனா நான் ஒரு தடவ கூப்பிட்டுக் காதச் சோதிச்சுப் பார்ப்பேன். லீவு முடிஞ்சு வர்றப்ப அப்பா அம்மா சைனோட கொண்டாங்க.”

காதைச் சோதிப்பேன் என்று அவர் சொன்னதும் வகுப்பு சிரித்தது. துளசியும் சிரித்தாள். சிரித்தபடியே தலைமுடியை இழுத்து இடது காதை மூடிக்கொண்டாள். அன்று பேருந்தில் போகும்போது அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே போனாள். சன்னலுக்கு வெளியே செம்பனை வரிசைகள் விசிறிபோல விரிந்து விரிந்து மூடின.

லெட்சுமி பாரத்தைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

“இது என்ன துளசி, இசைன்னு எழுதியிருக்கே?”

“பாடம்தாம்மா.”

“பாட்டுப் பாடப் போறியா?”

“பாட்டுன்னு இல்லம்மா. கேக்கறது, எழுதறது, வாசிக்கறது, எல்லாம் இருக்கு.”

லெட்சுமி பாரத்தை நான்காக மடித்தாள். பிறகு இடுக்கி பிடித்துக் காய்ப்பு ஏறிய விரலால் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். “இதப் பாரு. பன்னெண்டு வருசமா எறகு பொறுக்கிப் பொறுக்கி இப்ப ஊசியில நூல் கோக்க முடியல. எதையும் போட்டு வேல வாங்குனா தேயும். எனக்கு ரெண்டு கண்ணு இருக்கு, ஒண்ணு போனா ஒண்ணு. உனக்கு இருக்கறது ஒரு காது. அதையும் போட்டுச் செலவழிச்சிட்டு, அப்புறம் எனக்கென்ன வழி? நான் கூப்பிட்டா நீ திரும்பணும்.”

அம்மா சொன்னதில் கோபம் இருந்தால் பதிலுக்குக் கோபப்படலாம். அதில் பயம்தான் இருந்தது.

சாயங்காலம் அப்பா ரவீந்திரன் வந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். வந்ததும் முதலில் காலைக் கழுவுவார், பிறகுதான் பேச்சு. பாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “படிக்கட்டுமே லா, அதுல என்ன?” என்றார். லெட்சுமி திரும்பிப் பார்த்தாள். “அம்மா சொன்னா சரி,” என்று அவர் அதோடு முடித்துக்கொண்டார்.

பாரம் அரிசி டின்னுக்கு அடியில் போயிற்று.

இசை வகுப்பில் நட்டாலி கூட இருந்தால் போதும் என்று துளசி நினைத்திருந்தாள். நட்டாலி ஆறு வயதிலிருந்து கீபோர்ட் வாசிப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் அவள்தான் வாசிப்பாள். பண்டிகைக் காலத்தில் துளசி போய் அவளுக்குப் பக்கம் புரட்டுவாள். இடது பக்கம் நின்றுகொண்டால் இசை முழுக்க வலது காதில் வந்து விழும். தாளில் இருக்கும் புள்ளிகள் ஒன்றும் துளசிக்குப் புரியாது. ஆனால் ஒரு பக்கம் முடியப் போகிறது என்பது காதுக்குத் தெரிந்துவிடும். மூச்சு இழுப்பதுபோல ஏதோ ஒன்று அதில் வரும். ஒருமுறைகூடத் தப்பான இடத்தில் புரட்டியதில்லை. பள்ளி முழுக்க இசைக்கு முதல் பெயர் நட்டாலியுடையதுதான் என்று பேசிக்கொண்டார்கள்.

லீவில் ஒரு சனிக்கிழமை துளசி கடலோர ஊரான சுங்கை செம்பிலாங்குக்குப் போனாள். நட்டாலியின் அப்பா கொர்னேலியஸ் அங்கே படகு என்ஜின் ரிப்பேர் செய்கிறார். பட்டறைக்குப் பின்னால் ஒரு பலகைப் பாலம் சேற்றின்மேல் நீண்டு போகும். கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. சேறு வெள்ளித் தகடுபோலக் கிடந்து மினுங்கியது. அதில் ஆயிரம் சின்னத் துளைகள் ஒரே சமயத்தில் கொப்புளித்துக்கொண்டிருந்தன. இருவரும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள். நட்டாலி வழக்கம்போலத் துளசியின் வலது பக்கம்.

“நான் மியூசிக் எடுக்கல துளசி,” என்றாள் நட்டாலி.

துளசி சரியாகக் கேட்கவில்லையோ என்று முகத்தைத் திருப்பினாள்.

“எடுக்கலடி. சயின்ஸ் மட்டும் எழுதிட்டேன்.”

“ஏன்? வீட்ல திட்டினாங்களா?”

“இல்ல. அவங்க எடுன்னுதான் சொன்னாங்க.” நட்டாலி ஒரு சிப்பி ஓட்டை எடுத்துச் சேற்றில் போட்டாள். அது சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. “சர்ச்சுல வாசிக்கறப்ப தப்பு விட்டா என்ன ஆவுது? ஒண்ணும் ஆவாது. ஃபாதர் திரும்பிப் பாத்துச் சிரிப்பாரு, அவ்ளோதான். மத்த எல்லாத்துக்கும் மார்க்கு இருக்கு லா. நடக்கறதுக்கு, குதிக்கறதுக்கு, ஓடறதுக்கே மார்க்கு போடறாங்க. இது ஒண்ணாவது மார்க்கு இல்லாம இருக்கட்டும்னு பாக்கறேன்.”

“அப்ப நான்?”

“நீ எடு. ஒனக்கு வேணும்னா எடு.”

“வேணாம்னு சொல்றதுக்கு ஒங்கிட்ட அது இருக்கு நட்டாலி. வீட்லயும் இருக்கு, சர்ச்சுலயும் இருக்கு. பள்ளிக்கூடத்த விட்டா எனக்கு அது வேற எங்க கெடைக்கும்?”

நட்டாலி இன்னொரு சிப்பி ஓட்டைத் தேடி எடுத்தாள். உள்ளேயிருந்து அவள் அம்மா மவுரீன், “பசியாற வாங்க பிள்ளைங்களா!” என்று கூப்பிட்டார். அந்தக் குரல் சேற்றிலிருந்து வந்ததா, வானத்திலிருந்து வந்ததா என்று துளசிக்கு வழக்கம்போலத் தெரியவில்லை. பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பேருந்தில் வீடு திரும்பினாள். பிறகு பல மாதம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை கிள்ளான் ஆஸ்பத்திரியில் துளசிக்குக் காதுப் பரிசோதனை உண்டு. எப்போதும் அப்பாதான் கூட்டிப்போவார். இந்த வருடம் லெட்சுமி முதலாளித் தவுக்கேயிடம் லீவு சொல்லிவிட்டுத் தானே கிளம்பினாள். ஏன் என்று சொல்லவில்லை.

பரிசோதனை அறைக்குள் ஒரு சின்னப் பெட்டி அறை உண்டு. கனமான கதவு, உள்ளே ஒரு நாற்காலி, கண்ணாடிச் சன்னல் ஒன்று. துளசிக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கதவைச் சாத்தியதும் உலகம் வெளியே தங்கிவிடும். காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதலில் கொஞ்சம் உரக்க வரும். பிறகு மெலியும். இன்னும் மெலியும். தூரத்து ஊரில் யாரோ ஒரு வெள்ளிக் கரண்டியால் தண்ணீரைத் தொட்டதுபோல ஒரு ஒலி. பிறகு அதன் நிழல். பிறகு அந்த நிழல் இருந்த இடம். துளசி கண்ணை மூடிக்கொண்டாள். தாழ்ந்த ஒலிகள் வயிற்றுக்குப் பக்கத்தில் வந்தன, உயர்ந்தவை நெற்றியின் உச்சியில். ஒவ்வொன்றையும் வாசலில் நின்று வரவேற்பதுபோலப் பொத்தானை அழுத்தினாள். பிறகு இடது காதின் முறை. நல்ல காது உதவிக்கு வந்து பொய் சொல்லிவிடக் கூடாது என்று அதில் ஒரு இரைச்சலைப் போட்டார்கள். மழை மாதிரி இரைச்சல். இடது காதில் என்னென்னவோ வந்து போயிருக்கும். துளசி மழைக்குள் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். வீட்டோடு இருக்கும் காது தூங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் அவளுக்கு வருத்தம்கூட இல்லை.

கண்ணைத் திறந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. இரண்டு கைகளாலும் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை விளக்குக்குக் கீழே கூட்டைப் பார்ப்பதுபோல அவ்வளவு உற்று மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிசோதித்த பெண் மலாய்க்காரி, சின்ன வயது. வலது காது நன்றாக இருக்கிறது, போன வருடம்போலவே இருக்கிறது என்றாள். லெட்சுமி மலாயில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: இவள் பள்ளியில் இசை படிக்க வேண்டும் என்கிறாள், அந்தக் காதைப் போட்டு அதிகம் வேலை வாங்கினால் தேய்ந்துபோகாதா?

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அது துளசிக்குப் பிடித்தது. “காது சோப்புக்கட்டி இல்லையே, புவான். கேட்பதால் தேயாது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது, பெரிய சத்தத்தில் நெடுநேரம் இருக்கக் கூடாது. வருடா வருடம் இங்கே வர வேண்டும். மற்றபடி அவள் ஆசை தீரக் கேட்கட்டும்.”

திரும்பி வரும் பேருந்தில் லெட்சுமி மகளின் வலது பக்கம் உட்கார்ந்தாள். ஜெரம் ஊரைத் தாண்டியதும் கேட்டாள்.

“உள்ள என்ன போட்டாங்க? பாட்டா?”

“இல்லம்மா. வெறும் டுட் டுட்னு சத்தம்.”

“அதுக்கா அப்படிச் சிரிச்சே?”

“சிரிச்சேனா?”

“சிரிச்சே. ஒன் மூஞ்சிய நான் அப்படிப் பாத்ததே இல்ல துளசி.” லெட்சுமி கைப்பையைத் திறந்தாள். அதற்குள் நான்காக மடித்த பாரம் இருந்தது; அரிசி மாவு ஒட்டியிருந்தது. முன்சீட்டின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேருந்து ஒரு குழியில் இறங்கி ஏறியதில் பெயரின் கடைசி எழுத்து ஓரத்துக்கு ஓடிவிட்டது. “இது செல்லுமா?” என்று கேட்டாள். துளசி தலையை ஆட்டினாள்.

லீவு முடிந்து திவாகரன் சார் ஒவ்வொருவராக அழைத்தார். கீபோர்டுக்கு வலது பக்கம் நாற்காலி போட்டிருந்தது. அங்கே உட்கார்ந்தால் வீட்டோடு இருக்கும் காதுதான் கீபோர்டின் பக்கம் இருக்கும். துளசி நாற்காலியைத் தூக்கி மறுபக்கம் கொண்டுபோனாள்.

“ஏன்மா அந்தப் பக்கம் போறே?”

“இங்க வெளிச்சம் கண்ணுல குத்துது சார்.”

அவர் ஒரு ஒலியைத் தட்டினார். அதே உயரத்தில் முனகச் சொன்னார். முனகினாள். இரண்டைத் தட்டினார், மூன்றைத் தட்டினார். பிறகு கையால் மேசையில் ஒரு தாளம் போட்டார், திருப்பிப் போட்டாள். கடைசியில் இரண்டு ஒலிகளை ஒரே சமயத்தில் தட்டி, “எத்தனை கேக்குது?” என்றார்.

“ரெண்டு. அப்புறம் அதுக்கு அடியில மெதுவா ஒண்ணு ஆடற மாதிரி இருக்கு சார்.”

அவர் குனிந்து மறுபடி தட்டி, தானும் கேட்டார். “ஆமா,” என்றார். பட்டியலில் அவள் பெயருக்கு எதிரில் ஒரு சரி போட்டார்.

நான்காம் படிவத்தில் இசை வகுப்புக்குப் பன்னிரண்டு பேர். பள்ளியின் ஸ்டோரில் எந்தக் காலத்திலோ வாங்கிய சக்லெம்போங் ஒரு செட் இருந்தது. வெண்கலக் கிண்ணங்களைக் கவிழ்த்து, உச்சியில் குமிழ் வைத்ததுபோல இருக்கும். மரச்சட்டத்தில் வரிசையாக வைத்துத் துணி சுற்றிய குச்சியால் தட்ட வேண்டும். வாத்தியம் ஏதும் தெரியாதவர்களுக்கெல்லாம் அதுதான். தூசி துடைத்து முதல் தட்டு தட்டியபோது அறைக்குள் ஒரு குளம் திறந்ததுபோல இருந்தது. ஒலி வட்டம் வட்டமாக விரிந்து சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தது. துளசி அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தைத் தவறவிட்டாள்.

ஆனால் ஒன்றாகச் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியதும் வேறு விதமாயிற்று. சார் அவளை நடு வரிசையில் உட்கார வைத்திருந்தார். இடது பக்கம், கோயிலில் உருமி மேளம் அடிக்கும் கோகிலன். அவன் தட்டும் தாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நுழைய வேண்டும். அவன் தட்டுவது அவளுக்கு வந்து சேரவில்லை. வலது பக்கத்துச் சத்தம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் அரைத் தட்டு பிந்தினாள். மூன்றாம் வாரம், “துளசி, கனவு கண்டுக்கிட்டு இருக்கியா?” என்றார் சார். கோகிலன், “கோயில் உருமி மேளத்துல இப்படி லேட்டா வந்தா சாமி எறங்கிப் போயிடும்!” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் கெட்டவன் இல்லை, அவனுக்குத் தெரியாது.

குச்சிகளைக் கீழே வைத்தாள். எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. கணக்கியலுக்கு மாற இன்னும் ஒரு வாரம் தவணை இருந்தது. வெண்கலத்தின் ஒலி இன்னும் அறையில் ஆறாமல் நின்றது. அது முழுக்க ஆறட்டும் என்று காத்திருந்தாள். ஆறியதும் தன் குரல் தனக்கே கேட்டது.

“எனக்கு இடது காது கேக்காது சார். ஏழு வயசுலேருந்து.”

வெளியே புல் வெட்டும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“கோகிலன் அடிக்கறது எனக்கு வரல. ஓரத்துல, அந்த இடது கோடியில ஒக்காந்தா எல்லாரும் எனக்கு வலது பக்கம் வந்துடுவீங்க. அப்ப வாசிச்சுடுவேன்.”

திவாகரன் சார் முகத்தில் ஏதோ கடந்து போயிற்று. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போனவள் ஞாபகத்துக்கு வந்திருக்கலாம். கோகிலன்தான் முதலில் எழுந்தான். அவளுடைய சட்டத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, “எந்தக் கோடி? இதுவா?” என்றான். கிண்ணங்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. இடம் மாறி உட்கார்ந்து மறுபடி தொடங்கினார்கள். பதினொரு பேரும் ஒரே பக்கத்திலிருந்து, கடல் ஏறி வருவதுபோல அவளிடம் வந்தார்கள். அவள் நுழைய வேண்டிய இடம் வாசல்போலத் திறந்தது. நுழைந்தாள்.

அந்த வருட நடுவில் முதல் முறையாகச் சொந்தமாக ஒரு மெட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். துளசி மூன்று வாரம் அதோடு வாழ்ந்தாள். பல் விளக்கும்போதும் அது, பாத்திரம் கழுவும்போதும் அது. நாலு வரி எழுதி, அதில் பாதியை அழித்து வெறும் இடைவெளியாக விட்டாள். அந்த இடைவெளிகள்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தன. தாள் திரும்பி வந்தது. இருபதுக்குப் பதினொன்று. ‘மௌனம் அதிகம். மெட்டு எங்கே?’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

யாரோ தன் முகத்தைப் பார்த்து மார்க்கு போட்டதுபோல வலித்தது. இடைவேளையில் நேராக அறிவியல் வகுப்பு வாசலுக்குப் போய் நின்றாள். நட்டாலி வெளியே வந்தாள். வெகுநாள் கழித்து இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். நட்டாலி தன்னையறியாமல் வலது பக்கம் வந்து நின்றாள்.

“நீ சொன்னது சரிதான்,” என்றாள் துளசி. “மார்க்கு போட்டா வலிக்குது.”

நட்டாலி தாளை வாங்கினாள். மெட்டை வாய்க்குள்ளேயே படித்துப் பார்த்தாள். இடைவெளி வந்த இடங்களில் நின்றாள், எண்ணினாள், மறுபடி தொடர்ந்தாள். துளசிக்கு அப்போதுதான் முதல்முறையாகத் தன் மெட்டு இன்னொருவர் வாயிலிருந்து கேட்டது.

“நல்லாருக்குடி,” என்றாள் நட்டாலி. “மூணாவது வரியில மட்டும் நீ பயந்துட்டே. இங்க இன்னும் மேல போகணும்னு அது கேக்குது, நீ விடல.” தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “அப்ப விட்டுடப் போறியா? பாடத்த?”

“இல்ல.”

“வலிக்குதுன்னே?”

“வலிக்கட்டும் லா. மூணாவது வரின்னு சொன்னே இல்ல, அத மொதல்ல பாக்கறேன்.”

ஐந்தாம் படிவத்து இறுதித் தேர்வில் துளசிக்கு இசையில் பி பிளஸ் கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். பள்ளியில் அதைவிட நல்ல மார்க்கு வாங்கியவர்கள் ஐந்து பேர். அவள் அந்த எண்ணை ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள், மறுநாள் மறந்துவிட்டாள்.

மறக்காதது அந்தத் தேர்வுக்குச் சில மாதம் முன்னால் நடந்தது. பள்ளியின் விருதளிப்பு நாள். மண்டபத்தில் பெற்றோர் நிறைந்திருந்தார்கள். அப்பா சுவரோரம் நின்றார். லெட்சுமி முன்னால் மூன்றாவது வரிசையில், வேலையிலிருந்து நேராக வந்தவள், தலைமுடியில் ஒரு வெள்ளை இறகுத் துணுக்கு ஒட்டியிருந்தது. இசை வகுப்புப் பன்னிரண்டு பேரும் மேடையில் உட்கார்ந்தார்கள். துளசி இடது கோடியில். வெளியே மழை வரப்போகும் இருட்டு. சன்னல்களில் பச்சை வெளிச்சம்.

கோகிலன் தொடங்கினான். அவள் நுழைந்தாள். வெண்கலம் விரிந்தது, மண்டபம் மெல்ல நீருக்குள் இறங்கியது. எல்லாருடைய தலைகளும் தூரத்தில் அசையாமல் மிதந்தன.

நடுவில் எட்டுத் தட்டு அவளுக்கு ஓய்வு. எண்ணிக்கொண்டே நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். லெட்சுமி முதலில் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலால் தன் இடது காதை அடைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த ஒரு அம்மா, சத்தம் பிடிக்கவில்லையோ என்று அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். லெட்சுமி கவனிக்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மேடையிலிருந்து எடுக்காமல், ஒற்றைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. எது எங்கிருந்து வருகிறது என்று தேடினாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டாள். அவளுடைய தோள்கள் இறங்கின.

ஆறு. ஏழு. துளசிக்குக் கண்ணீர் பார்வையை மறைத்தது. கிண்ணங்களின் குமிழ்கள் கலங்கி ஒன்றாகித் தெரிந்தன. எட்டு. கை தானாகவே போய்ச் சரியான இடத்தில் தட்டியது.